‘விச்’ யாருடைய பொறுப்பு?

2021 ஆகஸ்டில் டெபியன் லினக்ஸின் வளர்நிலைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் திரையில் புதிதாக ஒரு வரியைப் பார்த்தார்கள். ‘விச்’ என்ற சிறிய கட்டளையைக் கொடுத்தால், வழக்கமான விடையோடு ஓர் எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. இந்த ‘விச்’ கைவிடப்படவிருக்கிறது, ஸ்கிரிப்ட்களில் இனி ‘கமாண்ட் -வி’ என்று எழுதுங்கள் என்பது அதன் சாரம். நாற்பது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கட்டளை. அதை எழுதியவர் யார், பராமரிப்பவர் யார் என்று அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு யோசித்தார்கள். கோபத்தோடு யோசித்தார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். அது சமாதானத்துக்காகச் சொல்லும் பேச்சில்லை. ஒரு பொதுக் கருவியை யார் சுமப்பது என்று நாற்பது ஆண்டுகளாக நாம் பேசாமல் விட்டதன் கடன், அந்த ஆகஸ்டில் ஒரு பராமரிப்பாளரின் தலையிலும் எத்தனையோ பயனர்களின் தலையிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. அந்தக் கடன் எப்படிச் சேர்ந்தது என்று தெரிய, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

யுனிக்ஸ் வகைக் கணினியில் ஒரு கட்டளையின் பெயரைத் தட்டியதும் அதை வாங்கிக்கொள்வது ஷெல் என்ற நிரல். ‘பைதான்’ என்று தட்டினால் பைதானைத் தேடி எடுத்து ஓட்டுவது அதன் வேலை. ஒரே கணினியில் அந்தப் பெயரில் மூன்று நிரல்கள் இருக்கலாம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நாமே பிறகு நிறுவியது ஒன்று, அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தது ஒன்று. எதை எடுப்பது? ‘பாத்’ என்றொரு பட்டியலில் டைரக்டரிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஷெல் அந்த வரிசைப்படி ஒவ்வொரு டைரக்டரியாகப் பார்த்து, முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எதை எடுக்கும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ‘விச்’. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ‘எது’ என்று பொருள்.

ஆரம்பத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கென் தாம்ப்சன் எழுதிய முதல் யுனிக்ஸ் ஷெல்லில், தேட வேண்டிய இடங்கள் நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன. நாம் இருக்கும் டைரக்டரி, அதன்பின் கட்டளைகளுக்கென்று இருந்த ஓரிரு பொது டைரக்டரிகள், அவ்வளவுதான். யுனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வுக்கூடத்தின் சிறிய குழுவுக்கு அது போதும். யார் எதை எங்கே வைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 1970களின் நடுவில் அதே பெல் நிறுவனத்துக்குள் ‘புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற பெயரில் யுனிக்ஸ் இன்னும் பெரிய கூட்டத்தின் கைக்குப் போனது. ஒரே கணினியைப் பல குழுக்கள் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென்று சில கருவிகள். எல்லாவற்றையும் ஒரே பொது டைரக்டரியில் கொட்டினால் பெயர்கள் மோதும். எங்கெங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதைப் பயனரே சொல்லிக்கொள்ள ஜான் மாஷி தம் ஷெல்லில் வழிசெய்தார். 1979இல் ஏழாம் பதிப்பு யுனிக்ஸோடு ஸ்டீவன் போர்னின் ஷெல் வந்தபோது அந்த ஏற்பாடு ‘பாத்’ என்ற பெயரில் நிலைபெற்றது.

பலர் ஓரிடத்தில் மோதாமல் வேலை செய்வதற்காகப் பிறந்த வசதி அது. அந்த வசதியோடுதான் குழப்பமும் வந்தது. அவரவர் பட்டியல் அவரவருக்கு என்றானதும், நான் தட்டும் பெயரும் நீங்கள் தட்டும் அதே பெயரும் வேறு வேறு நிரல்களை எழுப்பலாம் என்றானது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அந்தக் காலத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல் பரவிக்கொண்டிருந்தது. அதில் கட்டளைகளுக்கு மாற்றுப்பெயர் வைக்கலாம். நீளமான ஒரு கட்டளையை இரண்டெழுத்தில் சுருக்கி, வீட்டு டைரக்டரியில் உள்ள ஒரு தொடக்கக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்வார்கள். ஆக ஒரு பெயரைத் தட்டினால் நடப்பது ‘பாத்’ பட்டியலைப் பொறுத்தது மட்டுமில்லை, மாற்றுப்பெயரையும் பொறுத்தது. இந்த இரண்டையும் பார்த்துச் சொல்ல, பெர்க்லியின் மூன்றாம் வெளியீடான 3பிஎஸ்டியோடு ‘விச்’ வந்தது. அது சி ஷெல் மொழியிலேயே எழுதிய சிறு ஸ்கிரிப்ட்.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தொல்லை எல்லாவற்றுக்கும் விதை அங்கே இருக்கிறது. ‘விச்’ என்று தட்டியதும் நம் ஷெல் இன்னொரு ஷெல்லைப் புதிதாக எழுப்பி, அதன் கையில் அந்த ஸ்கிரிப்ட்டைக் கொடுக்கிறது. புதிய ஷெல்லுக்குப் பழைய ஷெல்லின் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாம் பத்து நிமிடம் முன்பு வைத்த மாற்றுப்பெயர் அதற்கு எட்டாது. அதனால் அது நம் தொடக்கக் கோப்பை மறுபடி படித்து, இந்த மனிதரின் ஷெல்லில் இவையெல்லாம் இருக்கக்கூடும் என்று ஊகித்தது. பிற்பாடு வந்த பதிப்புகளில், ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து தட்டச்சு செய்வதுபோலத் தொடக்கக் கோப்புக்குப் பாவனை காட்டவும் அது பழகிக்கொண்டது. வீட்டில் இருப்பது என்ன என்று வீட்டுக்காரரைக் கேட்காமல், அவர் என்றோ எழுதி வைத்த மளிகைப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது போன்ற வேலை. பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்போதும் சரியாக இருக்க அதனால் முடியாது.

சி ஷெல் பயன்படுத்தியவர்களுக்கு அது நல்ல கருவி. அதை எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. தன் வீட்டுக்காரர்களுக்காகச் செய்த கருவி ஊர் முழுக்கப் போகும் என்று அவர் எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. ஆனால் போனது. போர்ன் ஷெல்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள், அவர்களின் ஷெல்லைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்றாலும்.

இன்றைக்கும் எளிதாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய உதாரணம் ஒன்று. திரையில் எதையாவது எழுதச் சொல்லும் ‘எக்கோ’ கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதே பெயரில் ஒரு தனி நிரலும் வட்டில் இருக்கிறது. பாஷ் ஷெல்லில் ‘எக்கோ’ எங்கே என்று வெளியிலிருக்கும் ‘விச்’சைக் கேட்டால் வட்டில் உள்ள நிரலைக் காட்டும். ‘எக்கோ’ என்று தட்டினாலோ ஓடுவது ஷெல்லுக்குள் இருப்பது. கேட்ட கேள்வி ‘எது ஓடும்’. கிடைத்த பதில், ஓடாத ஒன்றின் முகவரி.

பெல் ஆய்வுக்கூடத்தின் பக்கம் இதே கேள்விக்கு வேறு வழியில் விடை தேடினார்கள். ஷெல்லையே கேட்டால் என்ன? 1984இல் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸின் இரண்டாம் வெளியீட்டில் போர்ன் ஷெல்லுக்குள்ளேயே ‘டைப்’ என்ற கட்டளையை வைத்தார்கள். உள்ளே இருப்பவரைக் கேட்பதால் அதன் பதில் ஊகம் இல்லை. டேவிட் கார்னின் ஷெல்லில் ‘வென்ஸ்’ என்ற பெயரில் அதே வேலைக்கு இன்னொரு கட்டளை இருந்தது. மூன்று கட்டளைகள், மூன்று விதமான பதில்கள். ஒவ்வொன்றும் தன் பயனர்களுக்கு நன்மை செய்தது. ஒன்றின் பதிலை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் மற்றொன்றில் ஓடாது.

யுனிக்ஸ் வகைகளுக்குப் பொது விதி வகுத்த பாசிக்ஸ் குழுவின் முன் இந்த மூன்றும் வந்தன. 1992இல் வெளியான ஷெல் தரநிலையில் அந்தக் குழு எடுத்த முடிவின்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதில் வரலாற்றில் உடன்பாடே இல்லை என்று அவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். மூன்றில் ஒன்றைப் பொது விதியாக்கினால் மற்ற இருவரின் ஸ்கிரிப்ட்கள் உடையும். எனவே மூன்றையும் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, ‘கமாண்ட்’ என்ற கட்டளைக்கு ‘-வி’ என்ற தெரிவைச் சேர்த்து, பொதுவாக எழுத விரும்புபவர்கள் இதை எழுதுங்கள் என்றார்கள். யாருடைய வீட்டையும் இடிக்காமல் புதிதாக ஒரு பொதுப் பாதை.

அந்த முடிவில் பாதி வேலைதான் முடிந்திருந்தது. பாதையைப் போட்டாயிற்று, அந்தப் பக்கம் ஆட்களைத் திருப்பிவிட யாரும் பொறுப்பேற்கவில்லை. ‘கமாண்ட் -வி’ பல ஆண்டுகள் தரநிலையின் விருப்பப் பகுதியிலேயே இருந்தது. 2008 பதிப்பில்தான் அடிப்படைப் பகுதிக்கு வந்தது. அதுவரை அது எல்லா இடத்திலும் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் ‘விச்’சையே எழுதிக்கொண்டிருந்ததைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் எழுதிக்கொண்டிருந்தோமே, அதற்குத்தான் நம்மிடம் காரணம் இல்லை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இரவு நேரக் காப்புப்பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட்டை எழுதியவன் நான். கோப்புகளைச் சுருக்கும் கருவி இருக்கிறதா என்று ‘விச்’ மூலம் கேட்டு, இருந்தால் சுருக்கி வைக்கும்படி எழுதியிருந்தேன். என் கணினியில் ஒழுங்காக ஓடியது. பழைய கணினி ஒன்றுக்கு அதை மாற்றினோம். அங்கே அந்தக் கருவி இல்லை. அங்கிருந்த ‘விச்’ பழைய சி ஷெல் ஸ்கிரிப்ட். இல்லை என்று அது வாக்கியமாக எழுதிக் காட்டும். ஆனால் மற்ற நிரல்கள் படிக்கும் முடிவெண்ணில் ‘வெற்றி’ என்றே சொல்லும். மனிதர் படிப்பதற்காக எழுதிய கருவி அது, படிக்கத் தெரிந்தவருக்கு உண்மையைத்தான் சொன்னது. என் ஸ்கிரிப்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. கருவி இருக்கிறது என்று நம்பி, மூன்று வாரம் ஒவ்வோர் இரவும் வெறும் கோப்புகளைக் காப்புப்பிரதி என்று அடுக்கி வைத்தது. ஒரு சக ஊழியர் அழிந்துபோன தன் கோப்பைக் கேட்டு வந்த நாளில்தான் தெரிந்தது. அவருடைய இரண்டு மாத உழைப்பு திரும்பவில்லை. தரநிலை அப்போதே இருந்தது. நான் அதைப் படித்ததில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் ‘விச்’சைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார், அவருக்கு அவர் ஆசிரியர்.

அந்த நாள் முதல் இந்தச் சிறிய கட்டளை எனக்குச் சிறிய விஷயமாகத் தெரிவதில்லை.

இதற்கிடையில் ‘விச்’ பல்கிப் பெருகியது. பிஎஸ்டி வகைகளில் அதைச் சி மொழியில் திருத்தி எழுதினார்கள். குனூ திட்டத்துக்காக கார்லோ வுட் எழுதிய ‘விச்’, ஷெல்லின் மாற்றுப்பெயர்களை வாங்கிப் படித்துப் பார்க்கவும் கற்றது. அந்தப் பட்டியலை ஷெல்லே அதன் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவே. டிசி ஷெல்லிலும் இசட் ஷெல்லிலும் அது உள்ளேயே இருக்கும் கட்டளை ஆனதால், அங்கெல்லாம் சரியான பதில் வரும். டெபியனில் இருந்ததோ சுருக்கமான ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். தேடியது கிடைக்காவிட்டால் டெபியனின் ‘விச்’ எதுவும் பேசாது. குனூவினுடையது பிழைச்செய்திக்கான தடத்தில் ஒரு வாக்கியம் எழுதும். இசட் ஷெல்லோ வழக்கமான பதில் வரும் தடத்திலேயே ‘இல்லை’ என்று எழுதும். ஒரே பெயர். ‘விச்’சையே தரநிலையில் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அது நேர்மையான கேள்வி. எந்த ‘விச்’சை என்பதுதான் பதில் கேள்வி. ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை நம்பியவர்களின் ஸ்கிரிப்ட்கள் உடையும். 1992இல் தவிர்த்ததை இன்று செய்வதாகும்.

இனி 2021க்கு வருவோம். டெபியனில் ‘விச்’ இருந்தது ‘டெபியன்யுட்டில்ஸ்’ என்ற பேக்கேஜில். அது அத்தியாவசியப் பேக்கேஜ் என்று குறிக்கப்பட்டது. அந்தக் குறிப்புக்கு நடைமுறையில் ஓர் அர்த்தம் உண்டு. எல்லா டெபியன் கணினியிலும் அது இருந்தே தீரும், ஆகவே மற்ற பேக்கேஜ்கள் தாங்கள் அதைச் சார்ந்திருப்பதாக எங்கும் எழுதிவைக்க வேண்டியதில்லை. வசதியான விதி. அதன் விலை என்னவென்றால், அந்தப் பேக்கேஜின் மேல் எத்தனை பேர் சாய்ந்து நிற்கிறார்கள் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. சாய்ந்து நிற்பவர்களுக்கே பல நேரம் தெரியாது.

பராமரிப்பாளரின் நிலையிலிருந்து பாருங்கள். தரநிலையில் இல்லாத ஒரு கட்டளையை, ஷெல்லுக்குள்ளேயே அதைவிடச் சரியான மாற்று இருக்கும்போது, எல்லோர் கணினியிலும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டுமா? தேவைப்படுபவர்கள் குனூவினுடையதையோ பிஎஸ்டியினுடையதையோ தனியாகப் போட்டுக்கொள்ளட்டுமே? நியாயமான எண்ணம். அதை வெளியே சொல்ல அவர் ஓர் எச்சரிக்கை வரியைச் சேர்த்தார்.

மறுபக்கம் நின்று பாருங்கள். அந்த வரி பிழைச்செய்தித் தடத்தில் வந்தது. ‘விச்’சை அழைக்கும் எத்தனையோ ஸ்கிரிப்ட்கள் வேறு நிரல்களின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர் எங்கோ இருக்கிறார், சிலர் அந்த வேலையை விட்டே போய்விட்டார்கள். ஒரு மென்பொருளைக் கட்டும்போது வந்து விழும் எச்சரிக்கையைப் பார்ப்பவர் அதைத் திருத்தும் நிலையில் இல்லாதவர். பிழைச்செய்தித் தடத்தில் எதுவும் வரக்கூடாது என்று எதிர்பார்க்கும் நிரல்கள் அங்கங்கே உண்டு. இன்னொன்று: மாற்று ‘விச்’ அத்தியாவசியப் பேக்கேஜ் எதிலும் தயாராக இருக்கவில்லை. இருக்கும் பாலத்தில் ‘இடிக்கப்படும்’ என்று பலகை மாட்டியாயிற்று, அடுத்த பாலத்துக்கு அடிக்கல் நாட்டவில்லை.

விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழுவுக்குப் போனது. அதிகபட்சம் எட்டுப் பேர் கொண்ட அந்தக் குழு, ஒரு நிரலாளரின் முடிவை மாற்ற வேண்டுமென்றால் மறுப்பவர் ஒருவருக்கு ஆதரிப்பவர் மூவர் என்ற விகிதமாவது வேண்டும். எளிதில் யாரையும் மீறிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. டெபியனின் அமைப்புச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: யாரையும் வேலை செய்யும்படி இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலர்களின் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான விதியை என்னால் நினைக்க முடியவில்லை. ‘நீதான் இதைச் சுமக்க வேண்டும்’ என்று அங்கே யாரும் யாரிடமும் சொல்ல முடியாது.

குழு சொன்ன முடிவில் இந்த இரண்டு விதிகளின் உணர்வும் இருக்கிறது. அடுத்த வெளியீடான டெபியன் 12க்குள் வேறொரு அத்தியாவசியப் பேக்கேஜில் பொருத்தமான மாற்று வரும்வரை ‘டெபியன்யுட்டில்ஸ்’ தன் ‘விச்’சைத் தர வேண்டும். அந்த வெளியீட்டுக்கான காலத்தில் எந்தப் பேக்கேஜிலிருந்து ‘விச்’ வந்தாலும் கைவிடும் எச்சரிக்கையை எழுதக்கூடாது. பல ‘விச்’கள் இருக்கலாம், எது வேண்டும் என்பதைக் கணினியின் நிர்வாகி தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும். பராமரிப்பாளர் காலமெல்லாம் இதைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, கைமாற்றிவிடலாம். கைமாறுவதற்குள் கீழே போட மட்டும் கூடாது. இந்தத் தீர்ப்பு சரி என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

தீர்ப்பு தொடாத பகுதி நம்முடையது. ஏறத்தாழ இரண்டாண்டுக்கு எச்சரிக்கை நிறுத்திவைக்கப்பட்டது. அதற்குள் நம் ஸ்கிரிப்ட்களைத் திருத்திக்கொண்டோமா?

நம்முடையது என்று நான் சொல்வதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னை மையத்தில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் கட்டப்பட்டது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. உலகம் முழுவதும் புழங்கும் உபுண்டுவுக்கும் வேர் டெபியன்தான். எங்கோ ஒருவர் தன் வீட்டு மேசையிலிருந்து மாற்றும் ஒரு வரி, கடைசியில் பள்ளிப் பிள்ளையின் திரைவரை வரும். அந்த ஒருவரை இன்னாரென்று நமக்குத் தெரியாது. நம்மைப் பற்றி அவருக்கும் தெரியாது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஊரார் கூடிச் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சிக்கொள்பவர் எல்லோரும் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் ஏற்பாடு.

2021இல் நடந்தது தனி நிகழ்ச்சியாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அடுத்த ஆண்டே, 2022 செப்டம்பரில், குனூ ‘கிரெப்’பின் 3.8 பதிப்பு ‘ஈகிரெப்’, ‘எஃப்கிரெப்’ என்ற இரண்டு பழைய பெயர்களுக்கும் இதேபோல் எச்சரிக்கை எழுதத் தொடங்கியது. அவையும் பல பத்தாண்டுகளாகப் பழகிய பெயர்கள், அவற்றுக்கும் தரநிலையில் மாற்று நெடுங்காலமாக இருந்தது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட ‘எக்ஸ்இசட்’ விவகாரம் இதைவிடப் பலமடங்கு கடுமையானது. கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவரிடம், உதவுவதாகச் சொல்லி நம்பிக்கை சம்பாதித்து வந்த ஒருவர் உள்ளே கள்ளவழி வைத்துவிட்டார். கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டுத் துருவியதால் தப்பித்தோம். ‘விச்’ விவகாரத்தில் அப்படித் தீய எண்ணம் யாருக்கும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: எல்லோரும் சாய்ந்து நிற்கும் தூணைத் தாங்க ஒருவரை மட்டும் விட்டிருந்தோம்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கட்டளை இருக்கிறதா என்று நிரல் கேட்கும் இடத்திலெல்லாம் ‘கமாண்ட் -வி’ என்று மாற்றுங்கள். பாசிக்ஸைப் பின்பற்றும் எந்த ஷெல்லிலும் அது உண்டு. முடிவெண்ணை நம்பலாம், புதிதாக இன்னொரு நிரலை எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. ஷெல் ஸ்கிரிப்ட்களைச் சோதித்துப் பிழை சொல்லும் ‘ஷெல்செக்’ கருவியில் இதைச் சுட்டிக்காட்டும் சோதனையே இருக்கிறது, விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம். நீங்கள் கையால் தட்டி, கண்ணால் படித்து முடிவெடுக்கும்போது ‘விச்’ தாராளமாக இருக்கட்டும். நானும் அப்படித்தான் பயன்படுத்துகிறேன், பழகிய விரல்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

கற்பிப்பவர்களிடம் கேட்பது சற்றுக் கூடுதல். ‘விச்’சைக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில் ‘டைப்’பையும் ‘கமாண்ட் -வி’யையும் கற்றுக்கொடுங்கள். ‘எக்கோ’ உதாரணத்தை மாணவர்களே தட்டிப் பார்க்கட்டும். இரண்டு பதில்கள் ஏன் வேறுபடுகின்றன என்று ஒருமுறை கேட்டுவிட்டவர், ஒரு நிரல் இன்னொரு நிரலின் மனதைப் படிக்க முடியாது என்பதை வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார். எனக்கு இருபது நிமிடப் பாடம் ஒன்று கிடைத்திருந்தால் என் சக ஊழியரின் இரண்டு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

பராமரிப்பாளர்களிடம் பேச எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நன்றி சொல்ல வேண்டியவர்களிடம் கோரிக்கை வைப்பது எளிதல்ல. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பொதுப் பொருளைக் கைவிடும் அறிவிப்பு, அதைச் சுமக்க அடுத்த கை வந்த பிறகு வரட்டும். முதலில் ஆவணத்தில் சொல்லுங்கள், பிறகு அதிகம் சாய்ந்து நிற்கும் பேக்கேஜ்களுக்குத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். எல்லோர் திரையிலும் எழுதுவது கடைசிப் படியாக இருக்கட்டும். அந்த முன்படிகளுக்கு ஆள் பலம் வேண்டும் என்பது தெரியும். அங்கேதான் நிறுவனங்களின் கடமை வருகிறது. இந்த இலவச அடித்தளத்தின் மேல் தொழில் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பொறியாளர்களின் நேரத்தில் ஒரு சிறு பகுதியை, மாதத்தில் ஒரு நாளையாவது, தான் சாய்ந்து நிற்கும் தூண்களுக்கு ஒதுக்கலாம். யாரும் விரும்பிச் செய்யாத வேலை இது. பழைய ஸ்கிரிப்ட்களைத் தேடித் திருத்தி, திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பும் வேலை. பணத்தைவிட இந்தக் கை உதவி அவர்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. பிழை என்று புகார் எழுதுபவர்களும் முடிந்தால் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பட்டும். முடியாவிட்டால், படிக்கப்போவது நாள் முழுக்க வேலை செய்துவிட்டு இரவில் நமக்காக உட்காரும் ஒரு மனிதர் என்ற நினைப்போடு எழுதட்டும்.

டெபியன் 12, 2023 ஜூனில் வெளியானது. அதில் ‘விச்’ இருக்கிறது, எச்சரிக்கை இல்லை. ‘விச்’ என்ற பெயருக்குப் பின்னால் ஓர் இணைப்பு, அந்த இணைப்பு காட்டும் இடத்தில் ‘டெபியன்யுட்டில்ஸ்’ தரும் பழைய ஸ்கிரிப்ட். வேறு ‘விச்’ வேண்டும் என்பவர் இணைப்பைத் திருப்பிக்கொள்ளலாம்.

இதை எழுதும் முன் என் வீட்டுக் கணினியில் நான் எழுதிய ஸ்கிரிப்ட்கள் எல்லாவற்றிலும் ‘விச்’சைத் தேடினேன். பதினொரு இடங்களில் இருந்தது. ஒன்பதை மாற்றினேன். மீதி இரண்டும் திரையில் பதிலைக் காட்டி, என்னைப் படிக்கச் சொல்பவை. அவற்றைத் தொடவில்லை. மாற்றிய ஒன்பதில் ஒன்று வேறொருவரின் திட்டத்திலிருந்து நான் எடுத்து வைத்திருந்தது. அந்தத் திருத்தத்தை இன்று காலை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.